சந்திப்பு நிலையத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: மணியாச்சியை முன்வைத்து

தம் ஊர் ரயில் சந்திப்பின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ரயில் வந்த ஆண்டைத் தேடுவதிலேயே களைத்துவிடுகிறார்கள். ஒரே பாதை செல்லும் இடம் வெறும் நிலையம்தான். அதிலிருந்து இன்னொரு பாதை எந்தத் திசையில், எதற்காகப் பிரிந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே சந்திப்பைப் பற்றி எழுத முடியும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் நிலையத்தைப் புள்ளியாக வைத்து, அதிலிருந்து செல்லும் ஒவ்வொரு பாதையையும் கோடாக வரைந்து, கோட்டின் முனையில் இருக்கும் ஊரையும் பாதை திறக்கப்பட்ட ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மணியாச்சிக்கு இப்படி வரைந்தால் வடக்கே மதுரை, கிழக்கே தூத்துக்குடி, தெற்கே திருநெல்வேலி என மூன்று கோடுகள் கிடைக்கும். 1876-இல் தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை திறந்தது. தூத்துக்குடி, கொழும்புக்குக் கப்பல் ஏறும் துறைமுகம். மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கோ கிளைப் பாதைதான் கிடைத்தது. கலெக்டரே ஆனாலும் திருநெல்வேலியிலிருந்து வடக்கே போக மணியாச்சிக்கு வந்துதான் ஆகவேண்டும்.

1911 ஜூன் 17 அன்று நடந்ததை இந்தப் படத்தோடு சேர்த்துப் படித்தால்தான் முழுமையாக விளங்கும். கொடைக்கானலுக்குப் புறப்பட்ட கலெக்டர் ஆஷ், திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில், கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் ரயிலுக்காக மணியாச்சியில் காத்திருந்தார். அந்தச் சிறு இடைவெளியில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிறகு நடைமேடையின் கழிப்பறைக்குள் தம்மையும் சுட்டுக்கொண்டார். நம்மில் பலர் இந்த நிகழ்ச்சியை வீரக் கதையாக மட்டும் எழுதி முடித்துவிடுகிறோம். அது ஏன் மணியாச்சியில் நடந்தது என்பதற்குக் கிளைப் பாதையும் கால அட்டவணையும் சொல்லும் விடையை நிலைய வரலாறு எழுதுகிறவர் விட்டுவிடக் கூடாது.

வரைந்த படத்தில் எந்தக் கோடு தடித்தது, எது மெலிந்தது என்பதைக் காலவரிசையில் பார்ப்பது அடுத்த வேலை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இலங்கைப் பயணம் தனுஷ்கோடி வழியாக மாறியதும், தூத்துக்குடிக் கோட்டின் மீதிருந்த கொழும்புப் போக்குவரத்து விலகியது. 1981-இல் திருநெல்வேலியும் நாகர்கோவிலும் ரயில் பாதையால் இணைந்த பிறகு தெற்குக் கோடு குமரி வரை நீண்டது. அன்று கிளையாக இருந்தது இன்று பிரதான வழியாகவும், அன்றைய பிரதான வழி கிளையாகவும் தோன்றுகின்றன.

தேதிகளை எழுதும்போது எதன் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராயபுரம் நிலையத்தின் திறப்பு விழா 1856 ஜூன் 28-இலும், வாலாஜாவுக்குப் பயணிகள் வண்டி ஜூலை 1-இலும் நடந்ததால், இரண்டுமே 'முதல் நாள்' என்று கட்டுரைகளில் மாறி மாறி வருகின்றன. தண்டவாள அகலத்தையும் ஆண்டோடு சேர்த்தே குறிக்க வேண்டும். 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போட்டது அகலப் பாதை. 1870-களில் அதையே மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கியிருக்கிறார்கள். 'பழைய மீட்டர் கேஜ் பாதை' என்று ஊரில் சொல்வதை அப்படியே நம்பினால் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

பெயரைத் தேட மஞ்சள் பலகையோடு நிற்காமல் நிலையக் குறியீட்டையும் பாருங்கள். மயிலாடுதுறைக்கு இன்றும் 'எம்.வி.' என்பதே குறியீடு. மாயவரம் அதில் ஒளிந்திருக்கிறது. திருச்சியின் 'டி.பி.ஜே.'யில் ட்ரிச்சினாப்பள்ளி ஜங்ஷன் இருக்கிறது. மணியாச்சி, வாஞ்சி மணியாச்சி ஆன பிறகும் 'எம்.இ.ஜே.' மாறவில்லை.

ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், பழைய மாவட்ட கெசட்டியர்கள் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்புகள்) ஆகியவற்றைப் பாருங்கள். என் அனுபவத்தில் பழைய கால அட்டவணைதான் அதிகம் பேசும்: இணைப்பு வண்டிக்காக எத்தனை நிமிடம் நின்றார்கள், எந்த வண்டியில் எந்த ஊருக்கான பெட்டி கழற்றி மாட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற பாயிண்ட்ஸ்மேன்களையும் (வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிறவர்கள்) ஸ்டேஷன் மாஸ்டர்களையும் சந்திக்கும்போது 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். வரைந்த படத்தை அவர்கள் முன் விரித்து, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த இடம் எது, எஞ்சினைத் திருப்பிய மேடை எங்கே இருந்தது, வண்டி அடுத்த நிலையம் வரை செல்லலாம் என்பதற்கு அடையாளமாக ஓட்டுநரிடம் தரும் டோக்கன் வளையத்தை எங்கே நின்று கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பென்சிலையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். இன்று புதர் மண்டிக் கிடக்கும் பக்கவழித் தடங்களை அவர்களே வரைந்து காட்டுவார்கள்.