லேப் போடுகிறீர்களா? சுவரை வெட்டாதீர்கள்

சென்னையில் பாரிமுனை, மண்ணடி பக்கம் பழைய ஆபீசை எடுத்து லேபாக மாற்றுகிறவர்கள் ஒயரையும் குழாயையும் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியிலேயே ஓட்டுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளிப் பாருங்கள். பல கட்டடங்களில் மேலே நல்ல உயரம் சும்மா கிடக்கும். அங்கே கேபிள் டிரே, அதாவது ஒயர்களைத் தாங்கும் நீளத் தட்டு, போட்டால், நாளைக்கு மேஜை இடம் மாறினாலும் கழற்றி மாட்டினால் போதும். கொத்து வேலை, பூச்சு, பெயின்ட் எல்லாம் மிச்சம். பழைய சுண்ணாம்புச் சுவரோ வெட்டின இடத்தோடு நிற்காது, பக்கத்துப் பூச்சும் சேர்ந்து உதிரும். ராயபுரம் மாதிரி கடலோரம் என்றால் சாதா இரும்பு கிளாம்ப் வேண்டாம், துரு தின்றுவிடும்.

மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையா? அந்த உத்தரத்தை இன்ஜினியர் பார்க்காமல் ஏசி காற்று போகும் டக்டைத் தொங்கவிடாதீர்கள். தூசியே ஆகாத கிளீன் ரூமுக்கு, ஒயரையும் குழாயையும் வெளியில் ஓட்டும் இந்த யோசனை சரிப்படாது.