பரதம் காலேஜ்ல படிக்கறீங்களா, மொதல்ல அந்த போனை ஆஃப் பண்ணுங்க

போன சனிக்கிழமை என்ர கிளாசுக்கு ஒரு அம்மிணி வந்துச்சு, பரதத்துல பி.ஏ. மொதல் வருசம். போன்ல சொல்லுக்கட்டு (அடவுக்கு வாயால சொல்ற தாளச் சொல்லு) ஓட விட்டு நாட்டடவுங்கற அடிப்படை அடவ ஆடுச்சு பாருங்க, மூணு காலமும், அதான் மூணு வேகமும் சுத்தம், அரைமண்டி (முழங்கால் மடக்கி நிக்கற நெல) கலையவே இல்ல, எனக்கே கொஞ்சம் பொறாமைதான். சரி கண்ணு, போனை அணைச்சுட்டு இப்ப ஆடினத கைல தாளம் போட்டு வாயால சொல்லுன்னேன். ரெண்டாங்காலத்துக்கு மாறுன எடத்துல கை ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம். அப்படியே காலேஜ்ல இருந்த என்னைய பாத்த மாதிரியே இருந்துச்சு, அந்த எரிச்சல்லதான் இத எழுதறேன். கிளாஸ் கட் அடிக்காதீங்க, சாப்ட்டதும் ஆடாதீங்கன்னெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அதுக்கு உங்க மிஸ் இருக்காங்க. நாம பண்ற தப்பு சிலத மட்டும் கீழ சொல்றேன்.

தாளத்த கால்ல மட்டும் வெச்சுக்கறது

நான் மூணு வருசமும் இததான் பண்ணேன். ரெக்கார்டிங் போட்டா கால் தானா போகும், அதனால எனக்கு தாளம் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன். கடைசி பிராக்டிகல்ல வெளிய இருந்து வந்த எக்ஸாமினர், நீ ஆடின ஜதீஸ்வரம் உருப்படில ஒரு தீர்மானத்த (முடிச்சு வெக்கற சொல்லுக்கோர்வை) சொல்லும்மான்னு தாளம் தட்டற தட்டுக்கழிய கைல குடுத்துட்டாங்க. எந்திரிச்சு ஆடிக் காட்டட்டுங்களான்னு கேட்டேன், வேண்டாம் உக்காந்து சொல்லுன்னாங்க. மூணு தாட்டி ஆரம்பிச்சு மூணு தாட்டியும் சமத்துக்கு, அதான் தாளம் ஆரம்பிக்கற எடத்துக்கு, சரியா வரல. அரியர்.

அரியர் கூட பரவால்லீங்க, அடுத்த வருசம் எழுதிட்டேன். பெருந்துறை பக்கம் கிளாஸ் ஆரம்பிச்சு மொத சலங்கை பூஜை வெச்சப்பதான் நெசமாவே வலிச்சுச்சு, நட்டுவாங்கம் (தட்டுக்கழி தட்டி சொல்லு சொல்லி ஆட வெக்கறது) பண்ண எனக்கு தெகிரியம் இல்லாம வெளியூர்ல இருந்து ஆள் கூட்டியாந்து, கார் வாடகை, சாப்பாடு, சம்பாவனைன்னு ரெண்டு மாச பீஸ் அங்கயே போச்சு. நம்ம பக்கம் இந்த டிகிரி முடிக்கறவங்க முக்காவாசிப் பேரு கிளாஸ்தான் எடுக்கப்போறோம், தட்டுக்கழி புடிக்கத் தெரியாம என்னத்த எடுக்கறது?

காலம் மாறும்போது கை வேகம் மாறவே கூடாது. கை அதே நடைல போகணும், சொல்லு மட்டும் ரெண்டு மடங்கு, அப்புறம் நாலு மடங்கு. ஆரம்பத்துல எல்லார்த்துக்கும் சொல்லு வேகம் புடிச்சதும் கையும் கூடவே ஓடும், நெம்ப நாளைக்கு ஓடும்.

தீர்மானத்த கணக்காவும் பாருங்க. ஆதி தாளம் 8 அட்சரம் (எண்ணிக்கை), அதுல மொதல் 4 லகு, அப்புறம் ரெண்டு ரெண்டா ரெண்டு திருதம், சதுஸ்ர நடைல அட்சரத்துக்கு 4 மாத்திரை, மொத்தம் 32. ததிங்கிணதோம் 5 மாத்திரை, மூணு தாட்டி சொன்னா 15. அப்ப லகு 4 அட்சரம் முடிஞ்சு, 16 மாத்திரை போய், மொதல் திருதத்தோட தட்டு விழுகற அந்த ஒரு மாத்திரைய சும்மா விட்டுட்டு எடுத்தீங்கன்னா 16, 1, 15, கூட்டுனா 32, அடுத்த சமத்துல போய் நச்சுன்னு உக்காரும். இது எனக்கு எப்ப புரிஞ்சுதுன்னா ஈரோடு போற டவுன் பஸ்ல, தொடைல தட்டிட்டே போனப்ப. பக்கத்து சீட்டு அக்கா ஒரு மாதிரி பாத்துச்சு, பாத்துட்டு போகட்டும்.

எங்கூர்ல வள்ளி கும்மி ஆடற அத்தைமாருங்க திருதம்னா என்னன்னு கேட்டா முழிப்பாங்க, ஆனா வாய்ல பாட்டு, கால்ல அடி, கைல கும்மி, மணிக்கணக்கா ஒண்ணும் பிசகாது. டிகிரி வாங்கற நமக்கு போன் வேணுமாம்.

ரெண்டு நூல் கணக்க ஒண்ணாக்கறது

தியரி பேப்பர்ல மார்க் போற எடம் இது. அபிநய தர்ப்பணம்ங்கற நூல்ல சிரோ பேதம் (தலை அசைவு வகை) 9, ஒற்றைக்கை முத்திரை 28. பரதமுனிவரோட நாட்டிய சாஸ்திரத்துல சிரோ பேதம் 13, ஒற்றைக்கை 24. ரெண்டும் சரிதான், எந்த நூல்னு எழுதாம 13ம் 28ம் ஒரே பதில்ல போட்டா திருத்தறவங்க என்ன பண்ணுவாங்க? சின்ன வயசுலருந்து பாட்டு மாதிரி பாடி வெச்ச சுலோகம் தர்ப்பணத்தோடது, கேள்வில பரதமுனிவர்னு இருந்தாலும் கை அதையேதான் எழுதும். கேள்விய ரெண்டு தாட்டி படிங்க.

பேரூர் போயிட்டு வந்து எல்லாத்தையும் கரணம்னு எழுதறது

கோயமுத்தூர் பக்கம் பேரூர் கோயில் கனகசபைத் தூண்ல ஊர்த்துவ தாண்டவம் இருக்கு, கஜசம்ஹாரம் இருக்கு, பிச்சாடனர் இருக்காரு, பாக்கப் பாக்க சலிக்காது. ஆனா அதெல்லாம் மூர்த்தி வடிவம், கரணம்னா கையும் காலும் சேந்து ஆடற ஆட்ட அசைவு. 108 கரணம் வரிசையா பாக்கணும்னா சிதம்பரம் கோபுரம், தஞ்சாவூர் பெரிய கோயில்ல 81 முடிச்சு மிச்சம் செதுக்காமயே கெடக்கு. காலத் தூக்கினதெல்லாம் கரணம் ஆயிராதுங்க.

சீனியர் நோட்ஸ்

எழுத்துப்பிழையும் சேந்தே வரும்.

மொதல் வருசமே கனமா சலங்கை வாங்கறது

வேண்டாம்.