யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் பழகப் போகிறவர்களுக்கு

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்து யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் தங்கப் போகிறீர்கள் என்றால், சில கிழமைக்குள் மோட்டார் சைக்கிள் தேவைப்படும். பாதி ஒழுங்கைகளில் கார் திருப்ப இடமில்லை. பின்னேரம் சில பக்கங்களுக்கு பஸ்ஸும் இல்லை. அங்கே கார் ஓட்டிய அனுமதிப்பத்திரம் இருக்கிறதே என்று மச்சானின் வண்டியை இரவல் வாங்கி ஏறிவிடாதீர்கள். கார் வகுப்பு மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் எடுத்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்தால் எழுத்துப் பரீட்சை வரும். அதைத் தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்தால் பழகுநர் அனுமதிப்பத்திரம். இயந்திரம் 100 சிசி வரை என்றால் ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு என்பதைக் கவனியுங்கள். இங்கே ஓடும் ஸ்கூட்டிகளில் பல 100 சிசியைத் தாண்டியவை. பழகும் காலத்தில் சிவப்பு எல் பலகை கட்டாயம். எழுத்துப் பரீட்சைக்குப் படிப்பது பெரிய வேலை இல்லை. வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கண்ணை மாற்றுவதற்குத்தான் நாள் எடுக்கும்.

இங்கே ஓடுவது இடப்பக்கம், முந்துவது வலப்பக்கத்தால். சுற்றுவட்டத்தில் வலக்கைப் பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். வெறும் வீதியில் விடிய வெளிக்கிடும்போதும், கடையில் நின்றுவிட்டுத் திரும்ப ஏறும்போதும்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் “இடப்பக்கம்” என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

லண்டன்காரருக்கு இடப்பக்கம் பழக்கம்தான். அவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில். அங்கே எதிரே வருகிறவர் லைட்டை வெட்டினால் “நீ போ” என்று அர்த்தம். இங்கே பஸ் லைட் வெட்டினால் “நான் வாறன், ஒதுங்கு” என்று அர்த்தம். கண்டி வீதியில் முந்திக்கொண்டு வரும் பஸ்ஸோடு வழக்காடாமல் ஓரத்துக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், ஒழுங்கை முகப்பு. இரு பக்கமும் ஆளுயர மதில், அல்லது பனையோலை வேலி. உள்ளிருந்து வரும் சைக்கிளுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், உங்களுக்கும் அது தெரியாது. மதிலை ஒட்டி ஓடாமல் கொஞ்சம் வீதியின் நடுப்பக்கமாகத் தள்ளி ஓடுங்கள். பிரேக்கில் விரல் இருக்கட்டும், ஹோர்ன் அடியுங்கள்.

பிரேக் பற்றி ஒரு பிழையான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது: முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று. உண்மையில் வண்டியை நிறுத்தும் பலத்தின் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது, ஏனென்றால் நிறுத்தும்போது பாரம் முன்னுக்கு வருகிறது. நேராக ஓடும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். திடீரென்று இறுக்குவதும், மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை இறுக்குவதும்தான் விழுத்தும். வெறும் வளவொன்றில் குறைந்த வேகத்தில் இதைப் பழகிவிட்டு வீதிக்கு வாருங்கள்.

பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகும்போது கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெரிய வாகனம் பக்கத்தில் வரும் கணம் காற்று நின்று, அது கடந்ததும் மறுபடி தள்ளும். வேகத்தைக் குறைத்து, கைகளை இறுக்காமல் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் குழியின் ஆழம் தெரியாது. ரயில் கடவையில் ஈரத் தண்டவாளம் வழுக்கும், தண்டவாளத்துக்குச் செங்குத்தாக நேரே கடந்து போங்கள். காவலாளி இல்லாத கடவை என்றால் நின்று, இரு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும்.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். பட்டியைப் பூட்டாமல் கவிழ்த்து வைத்தால் விழும்போது அதுதான் முதலில் கழன்று போகும். கோயிலுக்குப் போகும் அம்மாவையோ அக்காவையோ ஏற்றினால் சேலைத் தலைப்பைச் சொருகச் சொல்லுங்கள். சில்லிலோ சங்கிலியிலோ அகப்பட்டால் ஆளையே இழுத்து விழுத்தும். இருவருக்கு நடுவில் பிள்ளையை இருத்திக் கொண்டு போவதை எல்லோரும் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். சந்தியின் பெயரையோ பக்கத்துக் கோயிலின் பெயரையோ சொன்னால் இடம் விளங்கும். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம், கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். ஓட்டோவில் மடக்கி ஏற்ற அவசரப்படுகிறவர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.