வீச்சு வலைக்கு ஈயத்துக்குப் பதிலாகச் சங்கிலி

முத்தையன்கட்டுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ வீச்சு வலை வீசும்போது கட்டையில் மாட்டி அறுந்த ஈயக்குண்டு சேற்றிலேயே கிடக்கும். நீர்ப்பறவைகள் அதைச் சிறுகல்லென்று விழுங்க, இரைப்பையில் அரைபட்டு ஈயம் இரத்தத்தில் ஏறும். இரும்புச் சங்கிலியில் இந்த ஆபத்து இல்லை.

முதலில் பழைய ஈயம் முழுவதையும் அறுத்து நிறுங்கள். ஈயம் நீரைவிட 11.3 மடங்கு, இரும்பு 7.8 மடங்கு பாரம். ஆனாலும் நிறுத்துப் போடும்போது நீர் தாங்கும் பாரத்தில்தான் வித்தியாசம் வரும் என்பதால், நீருக்குள் அதே இழுவைக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு கூடப் போட்டாலே போதும்: 3.5 கிலோவுக்கு 3.7 கிலோ. நடுவிலிருந்து விளிம்பு வரை 6 அடி உள்ள வலையின் சுற்று விளிம்பு ஏறத்தாழ 38 அடி, அதாவது 11.5 மீற்றர். 4 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பியில் செய்த சங்கிலி மீற்றருக்குச் சுமார் 320 கிராம் வருவதால் கணக்குச் சரியாக இருக்கும். நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசியதையே வாங்குங்கள். வெறும் இரும்பின் துரு நைலோன் நூலைத் தின்றுவிடும்.

கட்டுவதில்தான் பலர் பிழை விடுவார்கள். ஒரு முனையிலிருந்து கட்டிக்கொண்டே போனால் கடைசியில் வலை மிஞ்சிச் சுருங்கும். விளிம்பையும் சங்கிலியையும் நாலாகப் பிரித்து, அந்த நாலு இடத்தையும் முதலில் கட்டுங்கள். பிறகு நாலு விரலுக்கு ஒரு முடிச்சு. இடைவெளி கூடினால் அதற்குள்ளால் திலாப்பியா நழுவிவிடும். வெட்டிய வளைய முனையை அரத்தால் மழுக்குங்கள், இல்லாவிட்டால் கண்ணியை அறுக்கும்.

கழற்றிய ஈயத்தை அடுப்படியில் உருக்க வேண்டாம். புகை பிள்ளைகளுக்கு நஞ்சு.