பிரான்ஸில் படிக்கும்போது ஊர் சுற்றக் கிளம்பினால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகள் வருகிற செப்டம்பரில் முதுகலை படிக்க லியோனுக்குப் போகிறாள். விசா, வங்கிக் கணக்கு, விடுதி பற்றியெல்லாம் சொல்ல அவளுக்கு ஆள் இருக்கிறது. "சனி ஞாயிறு வெளிய போறதைப் பத்தி மட்டும் யாரும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கிறாங்க அக்கா" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாள். அதே ஊரில் 2 வருடம் படித்தவள் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் பயணங்களில் பாதி கெட்டுப்போனதற்குப் பணம் காரணமில்லை. எந்த நேரத்துக்குப் போனாலும் ஒரு பஸ் வரும், ஒரு கடையாவது திறந்திருக்கும், வழியில் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். பிரான்ஸில் சாப்பாடு, பஸ், கடை எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தை வாசலிலோ கம்பத்திலோ எழுதி ஒட்டியும் இருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை.

போன்ஜூர் (வணக்கம்) சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது

போன முதல் வாரம், விடுதிக்குப் பக்கத்து ரொட்டிக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை வாசலில் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன்: "ஊன் பகெத், சில் வு ப்ளே." கல்லாவில் இருந்த அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. என்னையே பார்த்து, நிறுத்தி, "போன்ஜூர்" என்றார். நான் மறுபடியும் ரொட்டி கேட்டேன். அவரும் மறுபடி "போன்ஜூர்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் உறைத்தது. பதிலுக்குப் போன்ஜூர் சொன்ன பிறகுதான் ரொட்டி கைக்கு வந்தது, கூடவே ஒரு சிரிப்பும்.

நம் ஊரில் கடைக்காரரிடம் நேராக "அரைக் கிலோ வெங்காயம்" என்று கேட்டால் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அங்கே வணக்கம் சொல்லாமல் கேட்பது, எதிரில் இருப்பவரை ஆளாகவே மதிக்காதது போல. பஸ் டிரைவர், நூலகர், மருந்துக்கடைக்காரர் யாராக இருந்தாலும் முதலில் போன்ஜூர், மாலையானால் போன்சுவார். கிளம்பும்போது நன்றிக்கு ஒரு மெர்சி, விடைபெற ஓ ருவார். தெரியாதவர்களிடம் "வூ" என்ற மரியாதைச் சொல்தான். அவர்களே "த்யூ" போடச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். நம் நீ, நீங்கள் போலத்தான் என்பதால் இது நமக்குச் சுலபம். பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று குறை சொல்லும் பல பேர் போன்ஜூர் என்ற ஒரு வார்த்தையைத்தான் விட்டிருக்கிறார்கள். இதை நான் உறுதியாகவே நம்புகிறேன்.

கால அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காதது

லியோனுக்குப் பக்கத்தில் பெரூஜ் என்று ஒரு பழைய கோட்டைக் கிராமம் இருக்கிறது. கூழாங்கல் பதித்த தெரு, கல் வீடு, சர்க்கரையும் வெண்ணெயும் தடவிச் சுட்ட மெல்லிய காலெத் ரொட்டி. ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான், அப்புறம் ஸ்டேஷனிலிருந்து மேடேறி நடக்க வேண்டும். நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் நாங்கள் நாலு பேர் போனோம். ஊர் அவ்வளவு அழகு. மாலை இறங்கி வந்தால், நான் போனில் படம் எடுத்து வைத்திருந்த அட்டவணையில் உள்ள ரயில் வரவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரிசைக்கு மேலே குட்டி எழுத்தில் "ஸோஃப் திமான்ஷ் எ ஃபெத்" என்று இருந்தது. ஞாயிறும் விடுமுறை நாளும் தவிர என்று அர்த்தம். ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் மூடியிருந்தது, கேட்க ஆளில்லை, 5 மணிக்கே இருட்டிவிட்டது. அடுத்த ரயில் வரும்வரை 2 மணி நேரம் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடைமேடையில் நடந்தோம்.

அதனால் "ஸோஃப்" என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஸ்களில் இன்னொரு வம்பும் உண்டு. சில பஸ்கள் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மட்டும்தான் ஓடும், லீவு விட்டால் கிடையாது. திரும்பி வரும் கடைசி வண்டி எது என்று பார்த்துவிட்டுத்தான் போகும் வண்டியைப் பார்க்க வேண்டும். மே மாதம் விடுமுறைகள் வரிசையாக வரும். மே 1 அன்று கிட்டத்தட்ட எல்லாமே மூடியிருக்கும், பல ஊர்களில் பஸ்சும் டிராமும்கூட இருக்காது. ரயில் வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், முந்தின நாள் மாலை செயலியில் பார்த்தாலே எந்த ரயில் ஓடுகிறது என்று தெரியும்.

சாப்பாடும் அப்படித்தான். உணவகங்களில் மதியம் 12 முதல் 2 வரை அடுப்பு எரியும், அப்புறம் இரவு 7 மணிக்கு மேல்தான். இரண்டரைக்குப் போய் உட்கார்ந்தால் காபி தருவார்கள், சாப்பாடு கிடைக்காது. ஞாயிறு பிற்பகலில் மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், அதனால் அரிசி, பால், முட்டையைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

மலிவு டிக்கெட், தப்பான ஸ்டேஷன்

இது பல பேருக்கு நடந்திருக்கிறது. பாரிஸுக்கு 10 யூரோவில் அதிவேக ரயில் டிக்கெட் கண்ணில் பட்டதும் கை தானாக வாங்கிவிடும். ஆனால் லியோன் என்ற பெயரில் மூன்று ஸ்டேஷன்கள் கண்ணில் படும். பார்த்-தியூவும் பெராஷும் ஊருக்குள் இருக்கின்றன. செந்த்-எக்சுபெரி விமான நிலையத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வரும் விரைவு டிராமுக்கே 15 யூரோவை ஒட்டி ஆகிவிடும். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். பாரிஸ் பக்கம் மார்ன்-லா-வாலே என்று போட்டிருந்தால் இறங்கும் இடம் டிஸ்னிலேண்டு வாசல். "கார் த லியோன்" என்பது பாரிஸில் உள்ள ஸ்டேஷன், பெயரைப் பார்த்து லியோனில் தேடக்கூடாது. ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் டிஜிவி, அவிஞ்ஞோன் டிஜிவி போல டிஜிவி (அதிவேக ரயில்) என்று முடியும் பல ஸ்டேஷன்கள் ஊருக்கு வெளியே வயல்வெளியில் நிற்கும். வடக்கே ஒன்றுக்கு பீட்ரூட் ஸ்டேஷன் என்றே பட்டப்பெயர். பணம் கட்டும் முன் ஸ்டேஷன் பெயரை வரைபடத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அதிவேக ரயிலில் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். அடிக்கடி போகிறவர்கள் வருடத்துக்கு 49 யூரோ கட்டி 27 வயது வரையுள்ளவர்களுக்கான அவான்தாழ் அட்டை எடுத்தால் 30 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். இரண்டு மூன்று நீண்ட பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும். டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும் என்பதால், பெயரைச் சரிபார்க்க அடையாள அட்டையும் கையில் வேண்டும்.

பாஸ் இருந்தால் போதும் என்று நினைப்பது

என் வகுப்புத் தோழியிடம் மாதப் பாஸ் இருந்தது, முழுப் பணமும் கட்டியிருந்தாள். டிராமில் ஏறியபோது கூட்டத்தில் இயந்திரத்தில் அட்டையைத் தொட்டுக் காட்டவில்லை. அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள், அபராதம் போட்டார்கள். பாஸ் இருக்கிறதே என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் தொட வேண்டும், வண்டி மாறினாலும் தொட வேண்டும் என்பதுதான் அங்கே விதி. டிராமில் தடுப்புக் கதவு கிடையாது, தடுக்க ஆளும் இல்லை, அதனால்தான் மறந்துபோகிறது. பாரிஸ் மெட்ரோவில் வெளியே வரும்வரை டிக்கெட்டோ அட்டையோ கையிலேயே இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டு ஜெனீவா போவது

லியோனிலிருந்து ஜெனீவாவுக்கு 2 மணி நேரப் பயணம். ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள்தானே என்று சிலர் வெறும் கல்லூரி அட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பது உண்டு. மாணவர் நீண்டகால விசா பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருக்கும், அதனால் பாஸ்போர்ட்டே கையில் வேண்டும். வந்த 3 மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் பதிவுசெய்து உறுதிப்படுத்தியிருக்கவும் வேண்டும். இதை மறந்துவிட்டு வெளிநாடு சுற்றுவது ஆபத்து.

அப்புறம் போன். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் ஒன்றியத்துக்குள் செல்லும் இலவச ரோமிங் சில திட்டங்களில் அங்கே செல்லாது. எல்லை தாண்டும் முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள். லண்டனுக்குப் பாரிஸிலிருந்து இரண்டேகால் மணி நேரம்தான் என்றாலும் அது ஷெங்கன் இல்லை, தனி விசா வேண்டும்.

இலவசமாகப் பார்க்கக்கூடியதற்குப் பணம் கட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்ளும். 26 வயது முடியாமல், பிரான்ஸில் நீண்டகால விசாவோடு தங்கிப் படிக்கும் மாணவருக்கு லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, மோன்-சேன்-மிஷேல் மடம் எல்லாம் இலவசம். ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை, அங்கே தங்கியிருப்பதுதான் கணக்கு. இது தெரியாமல் நான் இரண்டு இடத்தில் முழுக் கட்டணம் கட்டினேன். விசாப் பக்கத்தைக் காட்டினால் போதும், ஆனால் இலவசம் என்றாலும் லூவ்ருக்கு நேரத்தை முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். நோத்ர்-தாம் தேவாலயத்துக்குள் போக யாருக்குமே கட்டணம் இல்லை. டிக்கெட் என்று சொல்லி யாராவது விற்றால் அது ஏமாற்று.

பாரிஸின் சக்ரே-கர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வருபவர்களிடம் கையை நீட்டாதீர்கள். லூவ்ர் பக்கம் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டினால் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியான்த் (இறைச்சி) வேண்டாம் என்றால் பல பேருக்கு மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும்தான் நினைவுக்கு வரும். மீன் வரலாம், சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு வரலாம். லியோனின் பேர்போன சாலட்டில் அது இல்லாமல் இருக்கவே இருக்காது. கீஷ் லொரேன் என்ற முட்டைப் பண்டத்திலும் அதே கதை. கெனெல் பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஆற்று மீன் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். "நி வியான்த், நி புவாஸோன்" என்று இறைச்சி, மீன் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மிட்டாய் உறையில் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடுங்கள். சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் போட்டுச் செய்யும் பிரலின் தார்த்தில் இறைச்சியோ மீனோ கிடையாது, எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த பண்டம் அதுதான். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாக வைப்பார்கள்.

தன் ஊரைப் பார்க்காமல் ஓடுவது

விசா கையில் இருக்கும்போதே 4 நாளில் 5 நாடு பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வருகிறது. என் கூடப் படித்த ஒருவன் ப்ராக், புடாபெஸ்ட், ரோம் எல்லாம் போனான், ஊருக்குத் திரும்பும்வரை லியோனின் ட்ராபூல்களைப் பார்க்கவே இல்லை. ஒரு தெருக் கதவைத் தள்ளினால் வீடுகளுக்கு ஊடாக நடந்து அடுத்த தெருவில் வெளியே வரும் பழைய வழிகள் அவை. பட்டு நெய்தவர்கள் துணிச் சுமையை மழையில் நனையாமல் கொண்டுபோன பாதை. இப்போதும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு, டிசம்பர் 8-ஐ ஒட்டி வரும் வாரக் கடைசியில் வேறு ஊருக்கு டிக்கெட் போடுவது. 1852-இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையைச் செப்டம்பரில் நிறுவ இருந்தார்கள், சோன் ஆற்றில் வெள்ளம் வந்ததால் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அன்றும் மழை மிரட்டியது. மாலையில் வானம் வெளுத்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதுதான் இன்று 4 நாள் ஒளித் திருவிழா. எல்லோரும் தெரோ சதுக்கத்து ஒளிக்காட்சியைப் பார்க்க நெருக்கியடிப்பார்கள். நானும் முதல் வருடம் அங்கேதான் 2 மணி நேரம் நின்றேன். இரண்டாவது வருடம் 8-ஆம் தேதி மாலை குவா-ரூஸ் குன்றின் பக்கத்துத் தெருக்களில் நடந்தேன். மாடி மாடியாக ஜன்னல் விளிம்பில் வண்ணக் கண்ணாடிக் குவளைகளில் சின்னச் சின்னச் சுடர்கள். கார்த்திகைக்கு அம்மா வாசலில் விளக்கு வைக்கும் நேரம் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கடைகளில் நவம்பர் கடைசியிலேயே அந்த மெழுகுவர்த்தியும் குவளையும் வந்துவிடும். சித்தி மகளிடம் ஒரு பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவள் அறை ஜன்னல் தெருவைப் பார்த்தபடிதான் இருக்கிறதாம்.