கடற்பாசியை நம் சமையலில் சேர்ப்பது எப்படி: எதை வாங்கலாம், எவ்வளவு போதும், யாருக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் இருக்கும் நமக்குக் கடற்பாசி ஒன்றும் புதிதில்லை. உணவங்காடியில் வாங்கும் மீன் உருண்டை சூப்பில் கறுப்பாக மிதக்கிறது, பிள்ளைகளின் பள்ளிப் பையில் மொறுமொறு பாக்கெட்டாகக் கிடக்கிறது, நோன்பு மாதத்தில் பால் ஊற்றிய அகர் அகராகத் தட்டில் வருகிறது. எல்லாமே கடலில் விளைந்ததுதான், ஆனால் உடம்புக்குள் போனபின் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. அதனால் "கடற்பாசி உடம்புக்கு நல்லது, நிறைய சாப்பிடுங்கள்" என்று பொத்தாம் பொதுவாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படியே பின்பற்றாதீர்கள். எந்த ரகம், எவ்வளவு என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் நல்ல உணவு. தெரியாமல் அள்ளிச் சாப்பிட்டால் தைராய்டைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் அயோடினைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற சத்துகள் கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடும், அயோடின்தான் கடற்பாசியின் தனிச்சொத்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 220, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 290. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்வதே அயோடினை வைத்துத்தான், வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது அவசியம். மீன், முட்டை, பால் சாப்பிடுபவர்களுக்கு ஓரளவு கிடைத்துவிடும். சுத்த சைவமாக இருந்துகொண்டு, அயோடின் சேர்த்த உப்பையும் விட்டுவிட்டு இந்துப்பு, கல்லுப்பு என்று மாறியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இது உண்மையிலேயே தேவை.

சரி, எந்தப் பாசியில் எவ்வளவு? சூஷி சுற்றும் நோரித் தாள் ஒன்று சுமார் 3 கிராம் இருக்கும், அதில் அயோடின் 50 மைக்ரோகிராமுக்கு முன்னே பின்னே. தினம் ஒன்றிரண்டு தாள் சாப்பிட்டால் ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கோம்பு என்கிற தடித்த பட்டை அப்படியில்லை. காய்ந்த கோம்பு ஒரே ஒரு கிராமில் 2,000 மைக்ரோகிராமைத் தாண்டிக்கூட அயோடின் இருக்கலாம், அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பாக வைத்திருப்பதே 1,100தான். 2009இல் ஆஸ்திரேலியாவில் கோம்பு சேர்த்துச் செய்த ஒரு சோயா பாலில் அயோடின் எக்கச்சக்கமாக இருந்து, குடித்தவர்கள் சிலருக்குத் தைராய்டு பாதிக்கப்பட்டு, கடைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேகவைத்தால் போய்விடாதா என்று கேட்பார்கள். பட்டையிலிருந்து போகும், ஆனால் தண்ணீருக்குள்தான் போகும், அந்தத் தண்ணீரைத்தானே நாம் சூப்பாகக் குடிக்கிறோம்! அதனால் கோம்பு வாசனைக்காக எப்போதாவது, ஒரு குடும்பத்துக்கே நகக்கண் அளவுத் துண்டு, அவ்வளவுதான். தினசரிச் சமையலுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

ஹிஜிக்கி என்று ஒன்று உண்டு, கறுப்பாகத் தேயிலைத் தூள் மாதிரி குச்சி குச்சியாக இருக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். கனிம ஆர்சனிக் என்ற நச்சு அதிகம் என்று கனடா 2001லும் பிரிட்டன் 2004லும் சாப்பிட வேண்டாமென்றே சொல்லிவிட்டன.

ஆக, வாங்க வேண்டியவை மூன்று: உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரித் தாள், வட்டத் தட்டாகக் காயவைத்து விற்கும் சீனக் கடற்பாசியான ஸிசாய், சூப்பில் போடும் வாக்காமே. ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் இரண்டிலும் ஜப்பானியப் பொருள்கள் இருக்கும் தட்டிலோ காய்ந்த சரக்குத் தட்டிலோ தேடுங்கள், ஈரச்சந்தையில் காய்ந்த சரக்கு விற்கும் சீனக் கடைகளிலும் ஸிசாய் கிடைக்கும்.

நோரியில் எனக்கு மிகவும் பிடித்தது இட்லிப்பொடி. காய்ந்த நோரித் தாளை அடுப்புக்கு மேலே காட்டிச் சூடாக்கும்போது கவனித்துப் பாருங்கள், ஊதா கலந்த கறுப்பாக இருந்தது மெல்ல மெல்லப் பச்சையாகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடிப் பச்சை, கூடவே கருவாட்டுக் கடையைக் கடந்து போவது போல ஒரு லேசான கடல் வாசனை. பச்சையானதும் எடுத்துவிடுங்கள், ஒரு நொடி தாமதித்தாலும் கசக்கும். ஏற்கெனவே வாட்டிய தாள் என்றால் சூடான தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புரட்டினால் போதும். உளுந்து, காய்ந்த மிளகாய், எள், பெருங்காயம் வறுத்து அரைத்த பொடியில் நான்கு தாளை நொறுக்கிப் போட்டு ஒரே ஒரு சுற்று. உப்பைப் பாதியாகக் குறைத்துவிடலாம், சுவை குறையாது, ஏனென்றால் சுவையைத் தூக்கிக் கொடுக்கும் குளூட்டமேட் என்ற பொருள் பாசியிலேயே இருக்கிறது. 1908இல் தோக்கியோவில் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர் கோம்புச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்தது இந்தச் சுவையைத்தான்.

ஸிசாயில் மணல் இருக்கும், ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசி மேலாக அள்ளி எடுங்கள். பருப்பு ரசத்தை இறக்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கைப்பிடி போட்டால் விரிந்துவிடும், மிளகும் பூண்டும் அதற்கு அருமையாகச் சேரும். முட்டை ஊற்றிய சூப், மீன் தண்ணிச்சாறு எதிலும் போடலாம். வாக்காமே ஐந்து நிமிடம் ஊறினால் பத்து மடங்குக்குப் பக்கமாக உப்பிவிடும், அதனால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் எடுக்காதீர்கள். பிழிந்து நறுக்கி, வெள்ளரிக்காயோடு தயிர்ப் பச்சடியில் கலந்து கடுகு தாளித்துக் கொட்டினால், கடற்பாசியே வேண்டாம் என்பவர்களும் சாப்பிடுவார்கள். நோரியை விட வாக்காமேயில் அயோடின் கூடுதல், வாரத்தில் ஓரிரு நாள் போதும்.

கடற்பாசியைச் சீனர் சாப்பாடு, ஜப்பான் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பது காலங்காலமாக நடக்கிற தொழில். அங்கே ஒரு ரகத்துக்குப் பெயரே கஞ்சிப்பாசி.

அகர் அகருக்கு வருவோம். செம்பாசியைக் காய்ச்சி எடுத்த சாறு அது, கிட்டத்தட்ட முழுக்க நார்ச்சத்து. அயோடினையோ வைட்டமினையோ அதில் எதிர்பார்க்காதீர்கள், மலச்சிக்கலுக்கும் வயிறு நிறைந்த உணர்வுக்கும் நல்லது. கொதிக்கக் கொதிக்கக் கரைத்தால்தான் கட்டும், கட்டியபின் 85 டிகிரி வரை உருகாது, அதனால் நம் ஊர் வெயிலிலும் மேசையில் அப்படியே நிற்கும். ஜெலட்டின் போல விலங்கிலிருந்து எடுப்பதில்லை என்பதால் சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் தயங்க வேண்டியதில்லை. கெடுப்பது சர்க்கரைதான். இளநீரில் காய்ச்சிப் பாருங்கள், சர்க்கரையே வேண்டாம்.

நார்ச்சத்து என்றதும் ஒன்று. கடற்பாசியின் நாரை நம் குடல் செரிப்பதில்லை, அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான் அது தீனி. நோரியைச் செரிக்கும் மரபணு ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவுக்குக் கடல் பாக்டீரியாவிலிருந்து வந்திருக்கிறது என்று 2010இல் கண்டுபிடித்தார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் வயிறு உப்பலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பிள்ளைகளின் பாக்கெட் விஷயத்தில் நான் கறார். டெம்புரா கடற்பாசி என்பது மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த முறுக்கு வகை, ஆரோக்கியம் என்று நினைத்து வாங்காதீர்கள். உப்புத் தடவிய மெல்லிய தாள் பரவாயில்லை, ஆனால் பாக்கெட்டின் பின்னால் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம், 2022 கணக்குப்படி சிங்கப்பூரில் சராசரியாகச் சாப்பிடுவது 3,620. இதற்கு மேல் உப்புக்கு நம்மிடம் இடமில்லை.

புரதமும் இரும்பும் கொட்டிக் கிடக்கிறது என்கிற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். நூறு கிராம் நோரியில் புரதம் நிறையத்தான், ஆனால் நாம் சாப்பிடுவது மூன்று கிராம்! பி12 நோரியில் உண்டு, என்றாலும் முழுச் சைவர்கள் அதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், தைராய்டு கூடுதலாகச் சுரப்பவர்கள் இருவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே மாறிமாறி உள்ளே போகக் கூடாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது. பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் நோரியோடு நிறுத்திக்கொள்ளலாம், கோம்பு சூப் பக்கமே போக வேண்டாம், தாய்ப்பால் வழியாக அயோடின் குழந்தைக்கும் போகும்.

அப்புறம், நம் ஊர் ஈரப்பதத்தில் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் நோரி மறுநாளே தொய்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில், உள்ளே வந்த ஈர உறிஞ்சிப் பையோடு சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். தொய்ந்தாலும் வீசிவிட வேண்டாம், சூடான தோசைக்கல்லில் பத்து நொடி காட்டினால் மறுபடியும் மொறுமொறுப்பாகிவிடும்.