காதைப் பாருங்கள், கொண்டையை அல்ல

ரோமத் தலைக்கவசத்தின் உச்சியில் சிவப்புக் கொண்டை நின்றால் போதும், "குதிரைவீரனுடையது" என்று சொல்லிவிடுகிறோம். சினிமா செய்த வேலை அது. காலாட்படையிலும் கொண்டை உண்டு. காலாட்படைப் பிரிவின் தலைவனான செஞ்சூரியனுக்கு அது காதிலிருந்து காதுக்குக் குறுக்காக நிற்கும். போதாக்குறைக்கு மயிரும் இறகும் மண்ணில் மக்கிவிடும்.

கி.பி. முதல் நூற்றாண்டுக் கவசமென்றால் முதலில் காதைப் பாருங்கள். காலாட்படைக் கவசத்தில் கன்னத்தகடு காதைத் திறந்துவிட்டு இறங்கும். காதுக்கு மேலே தாழ்வாரம்போல் ஒரு சிறு விளிம்பு இருக்கும். குதிரைப்படைக் கவசத்தில் கன்னத்தகடு காதையும் சேர்த்து மூடும். மூடியதோடு விடாமல் அதன்மேல் உலோகத்திலேயே ஒரு காதைப் புடைத்து வைத்திருப்பார்கள். மண்டைப் பகுதியில் சுருட்டை முடியும் புடைத்திருந்தால் பெரும்பாலும் குதிரைப்படைதான்.

கன்னத்தகடு கீலோடு கழன்று தொலைந்து, வெறும் மண்டை மட்டும் கிடைத்தால்? பிடரிப் பக்கம் திருப்புங்கள். காலாளுக்கு அங்குள்ள தகடு முறம்போல் அகன்று வெளியே நீளும். குதிரைவீரனுக்குக் கழுத்தை ஒட்டி ஆழமாக இறங்கி, ஒடுங்கிய விளிம்போடு நின்றுவிடும். மல்லாந்து விழுந்தால் அகன்ற தகடு கழுத்தை முறித்துவிடும் என்பது இன்றைக்கு நாம் சொல்லும் காரணம்.

முகமூடிக் கவசங்கள்தான் ஆளை அதிகம் ஏமாற்றுபவை. 2010 மே மாதம் இங்கிலாந்தின் கிராஸ்பி காரெட்டில் கிடைத்தது போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டு, எல்லாக் குதிரைவீரர்களும் அப்படியே போருக்குப் போனார்கள் என்று நினைப்பது தவறு. (அந்த ஒன்று அதே ஆண்டு அக்டோபரில் ஏலத்தில் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அழகுக்குத்தான் விலை.) குதிரைப்படையின் வித்தைக்காட்சிகளில் முகவடிவக் கவசமும் மஞ்சள் நிறக் குஞ்சமும் அணிந்ததாக இரண்டாம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அதற்காகக் களத்தில் அணியவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது: கி.பி. 9-இல் ரோமத் தளபதி வாருஸின் படை அழிந்த இடமாகப் பலரும் கருதும் ஜெர்மனியின் கால்க்ரீசவிலும் ஒரு முகமூடி கிடைத்திருக்கிறது.

இத்தாலியின் பொம்பெயி நகரில் கிடைத்த, அகன்ற விளிம்பும் கண்ணுக்குச் சல்லடையும் கொண்ட கனத்த கவசங்கள் அரங்கில் மோதிய கிளாடியேட்டர்களுடையவை. அவற்றைப் படைக்கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நூற்றாண்டு கடந்ததும் காது விதி கைவிட்டுவிடும். ஜெர்மனியின் நீடர்பீபர் ஊரின் பெயரால் அழைக்கப்படும் வகைக் கவசங்கள் காதை ஏறக்குறைய முழுதும் மூடுகின்றன. முன்பு அவற்றைக் குதிரைப்படையில் வைத்தார்கள்; காலாட்படையும் அணிந்தது என்பதே இன்று பலரின் கருத்து. அப்போது கை கொடுப்பது கீறிய எழுத்துதான். பெயருக்கு அருகே துர்மா என்ற குதிரைப்பிரிவு இருந்தால் குதிரைவீரன், செஞ்சூரி என்ற காலாட்பிரிவு இருந்தால் பெரும்பாலும் காலாள். 1910-இல் நெதர்லாந்தின் டெர்ன அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுக் கவசத்தின் பொன்முலாம் பூசிய வெள்ளித்தகட்டில், ஸ்டாப்ளேசியானி என்ற குதிரைப்படைப் பிரிவின் பெயரே பொறித்திருக்கிறது.